“பழகிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்ட காது மெஷின் பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
செவித்திறன் பரிசோதனை மையம்.

பொருள்: என் அம்மாவுக்குப் பொருத்திய இரண்டு காது மெஷின்களை முறைப்படி அளந்து சரிசெய்து தருவது, இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 7 மாதங்களுக்கு முன் உங்கள் மையத்தில் என் அம்மாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். அம்மாவுக்கு வயது 71. அதற்கப்புறம் ஐந்து தடவை உங்களிடம் வந்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொன்னோம். ஐந்துக்கும் சேர்த்து உங்களிடமிருந்து கிடைத்தது ஒரே பதில்தான்: “பழகிடும்.”

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மெஷின்தான் என்று வேறொரு ஆடியாலஜிஸ்டும் (செவித்திறன் நிபுணர்) சொன்னார். கோளாறெல்லாம் அதை அம்மாவின் காதுக்கு நீங்கள் பொருத்திய விதத்தில் இருக்கிறது. நாங்கள் பணம் கொடுத்தது மெஷினுக்கு மட்டும் அல்ல, அந்த வேலைக்கும் சேர்த்துத்தான்.

முதல் நாளிலிருந்தே வருகிறேன். பரிசோதனை அறையை ‘சவுண்ட் ப்ரூஃப்’ என்றீர்கள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஹெட்ஃபோனில் மெல்லிய ‘பீப்’ கேட்டால் அம்மா பொத்தானை அழுத்த வேண்டும். இருக்கிறதிலேயே சன்னமான சத்தத்தைத் தேடுகிற சோதனை அது. நடுவில் இரண்டு முறை உங்கள் ஊழியர் கதவைத் திறந்து உள்ளே போய் ஃபைல் எடுத்துக்கொண்டு வந்தார். வரவேற்பறையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு கருவியை வைத்துச் சோதிப்பார்களாம், குறை வெளிக்காது, நடுக்காது பக்கமா உள்காதிலா என்று அதில்தான் தெரியுமாம். அது நடக்கவே இல்லை.

அதைவிட எனக்கு ஆறாத விஷயம், யாருமே அம்மாவின் காதுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. காதுக்குள் பார்க்கிற ஓட்டோஸ்கோப் கருவி மேஜைமேலேயே இருந்தது. ஒரு நிமிட வேலை.

பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை ஆடியோகிராமை, அதாவது அந்தக் கேட்கும் சோதனையின் வரைபடத்தை, வைத்தே சொல்லலாம். (அந்தக் காகிதத்தின் நகலை மூன்று முறை கேட்டபிறகுதான் கொடுத்தீர்கள். அம்மாவின் காது, அம்மாவின் அறிக்கை. அதற்கு ஏன் இத்தனை கெஞ்சல்?) அதில் சிவப்பு வலது காது, நீலம் இடது காது. ஹெர்ட்ஸ் கூடினால் ஒலி கீச்சென்று மேலே போகும், டெசிபல் கூடினால் காதின் குறை அதிகம். 500 ஹெர்ட்ஸில் வலது காது 30 டெசிபலில் நிற்கிறது, இடது காது 50க்கு இறங்கியிருக்கிறது. வயதால் வரும் குறை பெரும்பாலும் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு விலகி நின்றால், மெஷின் மாட்டுவதற்கு முன்பு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டாமா? நீங்கள் அனுப்பவில்லை. இடது காதுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் முன்பு நாங்களாகவே மருத்துவரிடம் போனோம். இடது காதில் குறும்பி இறுகி அடைத்திருந்தது. எடுத்துவிட்டுத் திரும்பச் சோதித்தபோது அதே 500 ஹெர்ட்ஸில் 50 என்பது 35 ஆகிவிட்டது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்ததில் எங்களுக்கு நிம்மதி. ஆனால் அது எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் கவனத்தால் வந்த நிம்மதி இல்லை.

இனி விசில் விஷயம். மெஷின் மாட்டிய மூன்றாவது நாளே இடது காதில் ‘கீ...’ என்று விசில் அடித்தது. தலையைத் திருப்பினால் அடிக்கும், யாராவது கட்டிப்பிடித்தால் அடிக்கும். மெஷின் பெரிதாக்கிய ஒலி வெளியே கசிந்து, மறுபடியும் மைக்கில் ஏறி, மறுபடியும் பெரிதாகி வந்தால் இப்படி ஆகும். காதுக்குள் போகும் சிலிக்கான் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் வரும், குறும்பி அடைத்துக்கொண்டு ஒலியைத் திருப்பி அனுப்பினாலும் வரும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பின்னால். உங்கள் ஆடியாலஜிஸ்டுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அன்றும் அவர் காதைப் பார்க்கவில்லை. கணினியைப் பார்த்தார், இரண்டு கிளிக் செய்தார், விசில் நின்றது. நாங்களும் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

அவர் என்ன செய்தார் என்பது உங்கள் ஃபாலோ-அப் அட்டையிலேயே எழுதியிருக்கிறது: ‘விசில் – ஹை ஃப்ரீக்வென்சி குறைக்கப்பட்டது, இரு காது’. விசில் அடித்தது இடது காதில். குறைத்தது இரண்டிலும்.

அம்மா அதிகம் இழந்திருப்பதே அந்த உயர்ந்த அலைவரிசையில்தான். 4000 ஹெர்ட்ஸில் நல்ல காதிலேயே 65 டெசிபல். பேச்சின் கனமெல்லாம் உயிரொலியில் இருக்கிறது, அது தாழ்ந்த அலைவரிசை, அம்மாவுக்கு ஓரளவு கேட்கும். சொல்லைப் பிரித்துக் காட்டுகிற வல்லின மெய்களோ பெரும்பாலும் மேலே, மெல்லிசாக இருக்கின்றன. கடை, சடை, தடை, படை நாலும் அம்மாவுக்கு முதலெழுத்து உதிர்ந்த ஒரே சொல். “சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல” என்று உங்களிடம் அம்மாவே வாய்விட்டுச் சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு வாடிக்கையாளர் தன் குறையைச் சொல்ல முடியுமா? அதற்கும் “பழகிடும்”தான்.

வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஆறு வயது. முதல் பல் ஆடத் தொடங்கிய அன்று ஓடிப்போய் அம்மா மடியில் ஏறி, “பாட்டி, என் பல் ஆடுது” என்றாள். அம்மா சிரித்த முகமாக, “நல்லா பாடு கண்ணு, கேக்கறேன்” என்றார். பிள்ளை விரலைப் பல்லில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் மெஷின் இரண்டையும் கழற்றி, துணியால் துடைத்து, டப்பாவில் வைத்து மூடினார். அடுத்த பத்து நாள் அந்த டப்பா திறக்கவே இல்லை.

அந்தப் பத்து நாளைத்தான் நான்காவது முறை வந்தபோது நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். ஒரு நாளில் எவ்வளவு நேரம் மெஷின் போட்டிருந்தோம் என்று அதுவே குறித்து வைத்துக்கொள்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். திரையைப் பார்த்துவிட்டு உங்கள் ஆள் என்னிடம், “ஆவரேஜ் ஒன்றரை மணி நேரம்தான் மேடம் போட்டிருக்காங்க, போட்டாத்தானே பழகும்?” என்றார். எங்கள் வீட்டில் திருட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு குரல். ஒன்றரை மணி நேரம் என்பது சரியான கணக்குதான். அதைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்டிருக்க வேண்டும். வார்த்தை புரியாததால் அம்மா போடவில்லை. போடாததால் புரியவில்லை என்று நீங்கள் தலைகீழாக்கிவிட்டீர்கள்.

பழக வேண்டியதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பல வருடம் மங்கிப்போன காதில் திடீரென்று செய்தித்தாள் புரட்டுகிற சத்தமும் குழாய்த் தண்ணீர்ச் சத்தமும் விழுந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும், மூளைக்குக் கொஞ்சம் காலம் வேண்டும். அதனால்தான் முதலில் சத்தத்தைக் குறைவாக வைத்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். அது நியாயம். ஆனால் அம்மாவுக்கு நீங்கள் ஏற்றவே இல்லை, குறைத்ததோடு சரி. இருக்கிற சத்தத்துக்குப் பழகலாம். வராத சத்தத்துக்கு எப்படிப் பழகுவது?

இன்னொன்று, சின்ன விஷயம். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும், மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கண் பார்வையும் விரலும் முன்போல் இல்லாததால், அம்மா ஒருநாள் உட்கார்ந்து அட்டையில் இருந்த ஆறு பேட்டரியின் ஸ்டிக்கரையும் வரிசையாக உரித்து ‘ரெடியாக’ வைத்துவிட்டார். எல்லாம் வீண். கேட்டதற்கு “பெரியவங்கன்னா அப்படித்தான்” என்று சிரித்தார்கள். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காது கேட்காதவருக்கு முகம் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியும் என்பதைக் காது பார்க்கிற இடத்தில் மறந்துவிடக் கூடாது.

பொதுவாகவே உங்கள் மையத்தில் எல்லாரும் என்னிடம்தான் பேசுகிறார்கள். அம்மாவைப் பார்த்துப் பேசுவதில்லை. பேசினாலும் முகக்கவசத்தோடு, கணினியைப் பார்த்தபடி பேசுகிறார்கள். உதடு தெரிந்தால் அம்மாவுக்குப் பாதி புரிந்துவிடும். வரவேற்பறையில் முதுகுக்குப் பின்னாலிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு முறை “கூப்பிட்டோமே, வரலையே” என்று வரிசையில் பின்னால் தள்ளிவிட்டார்கள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

காதைச் சுத்தம் செய்தபிறகு வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் போனோம். சன்னமான ஒரு குழாயைச் செவிப்பறைக்கு அருகில் வரை விட்டு, அதன்மேல் மெஷினை மாட்டி, எதிரே ஸ்பீக்கரில் பேச்சொலியை ஓடவிட்டு, காதுக்குள் உண்மையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளந்தார். ‘ரியல் இயர்’ அளவீடு என்றார். அம்மாவின் ஆடியோகிராமுக்கு ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்பதற்கு என்ஏஎல்-என்எல்2 என்று ஆஸ்திரேலிய ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஒரு கணக்கு இருக்கிறதாம். அது திரையில் ஒரு கோடு. மெஷின் கொடுப்பது இன்னொரு கோடு. 1000 ஹெர்ட்ஸ் வரை இரண்டும் ஒட்டிப் போயின. 2000ஐத் தாண்டியதும் மெஷினின் கோடு சரிந்து விழுந்தது. 4000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் பள்ளம். டெசிபல் சாதாரணக் கழித்தல் கணக்கு இல்லை, 20 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் நூறில் ஒரு பங்கு என்று அர்த்தம். அம்மாவும் எட்டிப் பார்த்தார். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, “இதத்தான் நான் சொல்லிட்டிருந்தேன்” என்றார்.

அவரே சரிசெய்து கொடுத்திருப்பார். முடியவில்லை. மெஷினின் செட்டிங்கை உங்கள் மையத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கும்படி பூட்டி வைத்திருக்கிறீர்கள். வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரசீதிலும் இல்லை. சொல்லியிருந்தால் யோசித்திருப்போம்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். குறும்பி எடுத்தபிறகான காதுக்குப் புதிதாக முழுப் பரிசோதனை செய்யுங்கள். கதவு மூடியிருக்கட்டும், எலும்புவழிச் சோதனையும் சேரட்டும். ரெடிமேட் மூடிக்குப் பதிலாக அம்மாவின் காதுக்கு அச்சு எடுத்துச் செய்து கொடுங்கள், விசிலுக்கு அதுதான் சரியான மருந்து என்று மருத்துவர், அந்த வேறொரு ஆடியாலஜிஸ்ட் இருவருமே சொல்கிறார்கள். செட்டிங் செய்தபிறகு ரியல் இயர் அளவீடு எடுத்து அந்தத் தாளை எங்கள் கையில் கொடுங்கள். மென்பொருள் பூட்டை எடுத்துவிடுங்கள், அடுத்து யாரிடம் போவது என்பது எங்கள் விருப்பமாக இருக்கட்டும். இவை எதற்கும் தனிக் கட்டணம் கொடுக்க மாட்டோம், முதல் நாளே நடந்திருக்க வேண்டிய வேலைகள் இவை. அளவீட்டுக் கருவி உங்களிடம் இல்லையென்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள், மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் கொடுப்போம்.

இரண்டு ஆடியோகிராம்களின் நகல், ரியல் இயர் தாள், மருத்துவர் குறிப்பு, உங்கள் ஃபாலோ-அப் அட்டையின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அனுப்புமுன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஆறு பேட்டரி விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார். நான்தான் எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. அப்பாயின்ட்மென்டை உறுதிசெய்ய உங்கள் ஆட்கள் அம்மாவின் ஃபோனுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் எடுத்து “ஆங், சரி சரி” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார், எந்த நாள் எந்த நேரம் என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை. இனிமேல் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகள்