வேப்பங்குச்சியும் உன் பேரன் பல்லும்

பென்னாகரம்
ஜூன் 14

அன்புள்ள சாமிநாதா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடம்பு சரியில்லை, அதனால்தான் தாமதம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். மாம்பழக் காலம். தம்பி தோட்டத்திலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கியது. தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் கொடுத்தனுப்பி முடிப்பதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? மாடிப்படி ஏறுவதை நிறுத்தச் சொல். துணி காயப்போட நீயே ஏறினால் குறைந்துபோக மாட்டாய்.

பேரன் சங்கதிக்கு வருகிறேன். நாலு வயசுகூட முடியவில்லை, அதற்குள் மேல்வரிசை முன்பல் நாலும் சொத்தை என்று எழுதியிருக்கிறாய். மருமகள் பயந்துபோய், இனி எல்லாம் மூலிகைதான், ஃப்ளோரைடு பேஸ்ட் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்கிறாள். 'காவிப்பல்லா, உனக்குத் தெரியாத ஃப்ளோரைடா, நீ சொல்லு' என்று என்னிடம் வந்திருக்கிறாய். நாற்பத்தைந்து வருஷமாகியும் அந்தப் பட்டப்பெயரை நீ விடுவதாக இல்லை. சேலத்தில் ஹாஸ்டலில் முதல் நாள், டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல், 'ஏன்டா, இந்த வயசிலேயே வெற்றிலை போடுவியா?' என்று கேட்டாயே, ஞாபகமிருக்கிறதா? காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த கும்பகோணத்துக்காரனுக்கு எங்கள் ஊர்ப் பல்லின் நிறம் எங்கே தெரியும்?

உண்மையில் அந்தக் காவி நிறம் முழுக்க முழுக்க இயற்கை தந்தது. தருமபுரிப் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு என்கிற உப்பு உண்டு. அது கிணற்றிலும் போர் தண்ணீரிலும் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் உருவாகும்போதே, குடிக்கிற தண்ணீர் அதன் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல்லோடு நின்றவர்கள் பாக்கியசாலிகள். எலும்பு வளைந்து நடக்க முடியாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2013இல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகு பிறந்த பிள்ளைகள் சிரிக்கும்போது பார்க்கிறேன், வெள்ளைப் பல். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1901இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் டாக்டர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குத் தொழில் செய்யப் போனார். ஊர்ப்பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்பு. ஏன் என்று முப்பது வருஷம் விடாமல் துருவினார். தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1931இல்தான் தெரிந்தது. ஆனால் நடுவில் அவர் இன்னொன்றையும் கவனித்துவிட்டார்: கறை பிடித்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு. பேஸ்டுக்குள் ஃப்ளோரைடு வந்ததன் மூலக்கதை இதுதான். என் வாயைப் பார்த்துக்கொள். நிறம் காவி, ஆனால் அறுபத்தைந்து வயசில் ஒரே ஒரு பல்தான் சொத்தையென்று பிடுங்கியது. உன் வெள்ளைப் பல்லில் எத்தனை மிச்சம்?

ஆக, மருமகள் பயப்படும் ஃப்ளோரைடு வேறு, பேஸ்டில் வருவது வேறு. எங்களைக் கெடுத்தது நாள் முழுக்கக் குடித்து உள்ளே போனது. பேஸ்டில் இருப்பது பல்லின் மேல் பட்டுவிட்டு வெளியே துப்பப்படுவது. துப்பத் தெரியாத குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, மூன்று வயசுக்கு மேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கித் தள்ளினால்தான் வம்பு. உங்களுடையது காவிரித் தண்ணீர். இந்தப் பட்டாணிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் நான் மூலிகைக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. இன்றைக்கும் காலையில் எனக்கு வேப்பங்குச்சிதான். கொல்லை மரத்தில் சுண்டுவிரல் கனத்தில், பச்சையும் பழுப்புமாக இருக்கிற கிளையாகப் பார்த்து, ஒரு சாண் நீளம் ஒடித்துக்கொள்வேன். இளங்குச்சி என்றால் நைந்துபோகும், முற்றினது ஈறைக் குத்தும். நுனியில் ஒரு அங்குலம் பட்டையைப் பல்லால் உரித்துவிட்டு மெல்ல வேண்டும். முதலில் கசப்பு வழியும், வாயெல்லாம் எச்சில் ஊறும், ஐந்து நிமிஷத்தில் நார் பிரிந்து தூரிகைபோல் விரியும். அதற்கப்புறம்தான் தேய்ப்பதே. ஈறிலிருந்து பல் நுனிப் பக்கமாக, ஒவ்வொரு பல்லாக. கடைசியில் குச்சியை நடுவில் பிளந்து நாக்கு வழித்துவிட்டு எறிந்துவிடுவேன். ஒருநாள் பயன்படுத்திய பிரஷை மறுநாளும் வாயில் வைக்கிறீர்களே என்று என் பாட்டி கடைசிவரைக்கும் அருவருப்பாள்.

இதில் வேம்பின் கசப்புக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷ மெல்லலில் ஊறுகிற எச்சில் இருக்கிறதே, அதுதான் பாதி மருந்து என்பது என் கட்சி. பல்லில் அமிலத்தைத் தணிக்கிறதும் கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறதும் எச்சில்தான்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று நாம் ஒப்பித்தோமே, அந்த வேல் கருவேலம். பட்டையை நாக்கில் வைத்தாலே துவர்ப்பு இழுத்துப் பிடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கருவேலம்பட்டையும் போடுவார்கள் அல்லவா? தோலை இறுக்கும் அதே துவர்ப்புத்தான் ஈறையும் இறுக்குகிறது. ஆலம் விழுதும் அப்படியே. ரத்தம் கசிகிற, தளர்ந்த ஈறுக்கு இது கைகண்டது. பழமொழி பல்லுக்கு உறுதி என்றுதானே சொல்கிறது. சொத்தை வராது என்று எங்கேயும் சொல்லவில்லையே! இன்னொரு கூத்து. இப்போது பையன்கள் கருவேலங்குச்சி என்று ஒடித்து வருவதெல்லாம் சீமைக்கருவேலம். சாலையோரமெல்லாம் அதுதானே நிற்கிறது. காய் மணிமணியாகக் கோத்த மாலைபோல் இருந்தால்தான் கருவேலம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பாட்டி இடிக்கும் பல்பொடி உனக்கும் தெரியும், ஹாஸ்டலில் என் டப்பாவிலிருந்து திருடியிருக்கிறாய். கருவேலம்பட்டை, கடுக்காய்த்தோல், வறுத்த உப்பு, கொஞ்சம் கிராம்பு, பொரித்த படிகாரம். இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, துணிக்குக் கீழே விழுந்ததை மட்டும் எடுப்பாள். மேலே நின்ற திப்பியைத் தொடவிடமாட்டாள். அதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. நறநறவென்று இருந்தால் அது பல்லையே ராவிவிடும். செங்கல் தூளும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்தவர்கள் பல்லெல்லாம் ஈறோரத்தில் வெட்டுவிழுந்து கூசும், பார்த்திருப்பாய். சில பொடிகளில் அந்தக் காலத்தில் புகையிலையே இருந்தது. பல்லில் போட்டால் 'சுறுசுறு' என்று இருக்கும், பெண்கள் விடமுடியாமல் பழகிவிடுவார்கள். 1992இல் அரசாங்கம் தடைசெய்தது. மூலிகை என்று எழுதியிருந்தாலே நல்லது என்று நம்பும் மருமகளிடம் புகையிலையும் ஒரு செடிதான் என்று மெதுவாகச் சொல்லிப் பார்.

எனக்கு ஏழு வயசில் நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? கடைவாய்ப்பல் வலியில் ராத்திரியெல்லாம் அழுதேன். மாமா பக்கத்து ஊரில் ஒரு கிழவியிடம் கூட்டிப்போனார். 'பல்லில் பூச்சி' எடுப்பவள். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகட்டில் கண்டங்கத்திரி விதையைத் தூவி, நல்லெண்ணெய் விட்டாள். புகை கிளம்பியதும் அதன் மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அதன் கண் துளையில் செருகிய பப்பாளிக் குழாயால் என் வாய்க்குள் புகையை விட்டாள். கண்ணில் தாரையாகத் தண்ணீர், வாயிலிருந்து எச்சில் ஒழுக்கு. கீழே வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியைக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் மிதந்தன! மாமா ரெண்டு ரூபாய் கொடுத்தார். வலி அன்றைக்கு மரத்துப்போனது நிஜம். மூணு மாசத்தில் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று என்பதும் நிஜம். நான் பிடுங்கிய பல் என்றேனே, அதுதான். பள்ளிக்கூடத்தில் விதைப் பாடம் நடத்தும்போது ஒருநாள் சட்டென்று விளங்கியது: அந்தப் புழுக்கள் சூட்டில் வெடித்த விதையிலிருந்து வந்த வெள்ளை முளைக்கருவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் வேறொரு விதையை வைத்து இதே வித்தை செய்திருக்கிறார்கள். 1728இலேயே பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு வைத்தியர், நானும் தேடினேன், பல்லில் புழு எதையும் காணோம் என்று எழுதிவிட்டார். கிழவியிடம் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

பூச்சி இல்லை என்றால் என்னதான் இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத கிருமி. நாம் தின்னும் சர்க்கரையை அது தின்று அமிலம் கக்கும். அந்த அமிலத்தில் பல்லின் மேல்பூச்சு கரையும். ஒவ்வொரு தடவை இனிப்பு வாய்க்குள் போன பிறகும் ஏறக்குறைய அரை மணி நேரம் இந்தக் கரைப்பு நடக்கும், அப்புறம் எச்சில் வந்து சரிக்கட்டும். ஆகவே எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஒரு லட்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டு வாய் கொப்பளித்தவன் தப்பித்தான். ஒரு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி ஒரு மணி நேரம் சப்பினவன் மாட்டினான்.

இப்போது உன் கடிதத்தையே எடுத்துப் படி. பையனுக்கு வெள்ளைச் சர்க்கரை கொடுப்பதே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அப்புறம்? காலையில் தேன், பதினொரு மணிக்குப் பேரீச்சம்பழம், சாயங்காலம் கடலைமிட்டாய், ராத்திரி நாட்டுச்சர்க்கரை போட்ட பால், அதுவும் புட்டியில், உறிஞ்சிக்கொண்டே தூங்கிப்போகிறான். சாமிநாதா, கிருமிக்கு நாட்டுச்சர்க்கரை என்றும் சீனி என்றும் பேதம் தெரியாது. பேரீச்சம்பழம் ஒட்டினால் பல்லிடுக்கை விட்டு வராது. தூங்கும்போது எச்சில் சுரப்பது வற்றிவிடும்; வாயில் தங்கிய இனிப்புப் பால் விடியவிடிய வேலை பார்க்கும். மேல் முன்பல் நாலும் போனது என்று படித்ததுமே புட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கீழ்ப்பல்லை நாக்கு மறைத்துக் காப்பாற்றிவிடும்.

நம் பாட்டிமாருக்கு என்ன வாய்த்தது? காலையில் ஒரு களி உருண்டை, மத்தியானம் ஒன்று, பொழுது சாய்ந்து ஒன்று. நடுவில் தின்ன எதுவும் இல்லை, இருந்தால்தானே தின்பதற்கு! இனிப்பு பண்டிகைக்கு மட்டும். எதைத் தின்றாலும் கை கழுவும்போதே நாலு வாய்த் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவார்கள். இப்போது டிஷ்யூ பேப்பரில் கை துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். குச்சிக்குப் போன பெயரில் பாதி இந்தப் பசிக்கும் கொப்பளிப்புக்கும் போயிருக்க வேண்டும்.

எண்ணெய்க் கொப்பளிப்பு பற்றியும் கேட்டிருந்தாய். 2008இல் சென்னையில் நல்லெண்ணெயை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள், கிருமி எண்ணிக்கை குறைந்தது என்று வந்தது. ஆனால் சோதித்தது இருபது பேரை. நீ செய், நல்லதுதான், வாய் நாற்றமும் குறையும். பேரனுக்கு வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. கிராம்புத் தைலமும் அப்படித்தான்: வலியை மரக்கடிக்கும், சொத்தையை நிறுத்தாது, நேரடியாக வைத்தால் பிஞ்சு ஈறு வெந்துவிடும். எருக்கம்பால் விடலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடு.

இதைச் செய். புட்டியை இந்த வாரமே நிறுத்து. ரெண்டு ராத்திரி அழுவான், மூன்றாம் நாள் மறந்துவிடுவான். ராத்திரி படுக்கும்முன் நீயே உட்காரவைத்துத் துலக்கிவிடு, அவன் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்காதே. பல்லில் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தால் திரும்பக் கெட்டிப்படும். குழி விழுந்ததை எந்த மூலிகையும் மூடாது. பல் டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதே. முன்னதாகப் போனால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் கோணிவிடும். இன்னொன்று, ஆறு வயசில் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் புதிதாக முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்று பலர் அசட்டையாக இருந்துவிடுவார்கள். அது ஆயுசுக்கும் உள்ள பல்.

மருமகளிடம் சண்டை வேண்டாம். காலையில் அவள் இஷ்டப்படி மூலிகைப் பொடி, ராத்திரியில் பட்டாணி அளவு பேஸ்ட் என்று உடன்படிக்கை பேசு. பொடிக்குப் பாட்டி கணக்குப்படி நானே இடித்து வைத்திருக்கிறேன், படிகாரம் மட்டும் குறைத்திருக்கிறேன். கும்பகோணம் போகிற பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். கூட ரெண்டு டஜன் மல்கோவாவும் வரும். பேரனுக்குச் சாப்பாட்டோடு கொடு, நடுநடுவே நறுக்கிக் கொடுக்காதே.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் வருகிறேன் என்று மூணு வருஷமாக ஏமாற்றுகிறாய். இந்த வருஷம் தங்கச்சியையும் பையனையும் கூட்டிக்கொண்டு வா. ரூம் சொல்லிவைக்கணும், அதனால் இந்த மாசக் கடைசிக்குள் பதில் போடு.

உன்,
காவிப்பல்லன்