கடைமடை ஷட்டருக்குக் கணக்குத் தலைப்பு இல்லையா?

காலநிலைத் தகவமைப்பு நிதியை, அதாவது காலநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்க ஊர்களுக்கு உதவும் பணத்தைப் பங்கிடும் பொறுப்பில் உள்ள உயர் அலுவலர்கள் அனைவருக்கும், வேதாரண்யம் பகுதி உழவன் ஒருவன் வணக்கத்துடன் எழுதும் மடல்.

ஐயன்மீர், அம்மையீர்,

காவிரிக் கடைமடையின் நிலையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடல் மட்டம் உயர்ந்து வருவதும், 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பின் கடலோரத்துக்கு வந்து சேரும் வண்டல் குறைந்ததும், ஆழ்குழாய்கள் நன்னீரை இறைக்க இறைக்க உவர்நீர் உள்ளே நகர்வதும் உங்கள் கோப்புகளில் உள்ளவைதாம். என்னை எழுத வைத்தது, எங்கள் ஊர் மனுவுக்குச் சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில் கிடைத்த பதில்: “இது பராமரிப்புப் பணி. தகவமைப்புத் திட்டத்தில் இதற்குக் கணக்குத் தலைப்பு இல்லை.” அதாவது, இந்தச் செலவை எழுத அரசுக் கணக்கில் இடமே இல்லையாம்.

நாங்கள் கேட்டது புதிய அணையன்று. எங்கள் வடிகால் வாய்க்கால் ஆற்றோடு சேரும் இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் இரும்புக் கதவை, அந்த ஷட்டரைச் சரிசெய்து தரும்படிதான் கேட்டோம். அதன் அடிப்பகுதி துருவேறி அரித்துவிட்டது; ரப்பர் பட்டை கிழிந்து தொங்குகிறது. மார்கழிப் பௌர்ணமி இரவில் ஓதம் ஏறியபோது, ஆற்றுக்குள் வந்த கடல்நீர் அந்த இடுக்கு வழியே வாய்க்காலில் எதிரேறியது. ஊர்ப் பிள்ளைகள் மணல் மூட்டை அடுக்கினார்கள், வைக்கோலைத் திணித்தார்கள். விடியும்போது தாழ்ந்த வயல்களிலெல்லாம் உப்புநீர் நின்றது. சம்பா பூத்திருந்த நேரம் அது. பால் பிடிக்க வேண்டிய மணிகள் பதராயின. எனக்கு அண்டை வயல்காரரான அம்மையார் நகையை அடகு வைத்து ஆறு மா (ஏறக்குறைய இரண்டு ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நட்டவர். அவருக்கு மிஞ்சியது வைக்கோல் மட்டுமே. அதையும் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பட்டா அவர் பெயரில் இல்லாததால் பாதிப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

ஒரு போகத்தோடு இத்துன்பம் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வயலில் ஏறிய உப்பை இறக்க வேண்டுமானால், நல்ல தண்ணீரைத் தேக்கி நிறுத்தி வடிக்க வேண்டும், மீண்டும் தேக்கி வடிக்க வேண்டும். கல்லணையிலிருந்து வரும் தண்ணீரோ எல்லா ஊர்களையும் கடந்து கடைசியாகத்தான் எங்களுக்கு எட்டும். சில ஆண்டுகளில் அதுவும் எட்டாது. குழியடிச்சான், களர்பாலை போன்ற உவர் தாங்கும் நெல்லை நடலாம் என்று எங்களுக்கு அறிவுரை கூறுகிறார்கள். நடத்தான் விரும்புகிறோம், அந்த விதையைப் பெருக்கிப் பங்கிடுவதற்கும் பணம் வேண்டுமல்லவா?

நடந்த நல்லதை மறைக்க மாட்டேன். 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்து, காவிரியின் கிளையான வெண்ணாறு பாயும் உபவடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு முதலியவற்றில் கரைகளும் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்களும் சீராக்கப்பட்டன. ஆனால் கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, ஓதத்துக்கு இல்லை. உப்புக்காற்றில் நிற்கும் இரும்புக்கு ஆண்டுதோறும் சாயமும் கிரீஸும் வேண்டும் என்பது இங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். அதற்கு ஏன் ஒரு கணக்குத் தலைப்பு இல்லை?

15-ஆவது நிதிக்குழு, மாநிலப் பேரிடர் நிதியில் 80 சதவீதத்தை மீட்பு, நிவாரணம் முதலியவற்றுக்கும் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிகளுக்கும், அதாவது பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கும் வகுத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தபோது வந்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஆயினும், அழிந்த பின் அள்ளிக் கொடுப்பதும் அழியாமல் காக்கக் கிள்ளிக் கொடுப்பதும் எங்கள் நெஞ்சில் தைக்கின்றன. 2024-இல் அஜர்பைஜான் நாட்டின் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்காக 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டுவதை இலக்காக ஏற்றார்கள். அந்தத் தொகைக்கும் எங்கள் ரப்பர் பட்டைக்கும் இடையில் எத்தனை மேசைகள் இருக்கின்றன என்று எண்ணும்போது கோபம் வருகிறது. மன்னிக்க வேண்டும், மன்றாடத்தான் இம்மடலைத் தொடங்கினேன்.

கோரிக்கை இதுவே: தகவமைப்பு நிதியில் ஒரு பங்கைக் கடைமடைக் கட்டுமானங்களின் பராமரிப்புக்கென, ஆண்டுதோறும், ஒவ்வொரு வடிநிலப் பகுதிக்கும் நேரடியாக ஒதுக்குங்கள். அதைச் செலவிடும் குழுவில் உழவர்கள் மட்டும் இருந்தால் போதாது. மழைவெள்ளம் வடியவும் படகு போகவும் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். உவர்நீர் ஏறாதிருக்க வாய்க்கால் ஷட்டர் மூடியிருக்க வேண்டும். உப்பளத்துக்கும் இறால் பண்ணைக்கும் அந்தக் கடல்நீரே வேண்டும். மீனவர், உப்பளத் தொழிலாளர், குத்தகைதாரர் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்துத்தான் எது எப்போது திறப்பது என்று முடிவுசெய்ய முடியும். சென்னையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது.

ஆண்டுதோறும் பராமரிப்பு நிதி என்னும் ஏற்பாட்டுக்குக் காலம் பிடிக்கும் என்பதை உணர்கிறேன். அதுவரை, ஐப்பசி மழை தொடங்குமுன் எங்கள் ஷட்டரின் அடிப்பகுதியையும் ரப்பர் பட்டையையும் மாற்ற ஆணையிடுமாறு உங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அண்டை வயல் அம்மையார் இந்த ஆண்டும் அதே ஆறு மாவுக்குக் குத்தகை பேசியிருக்கிறார்.

இப்படிக்கு,
கடைமடை உழவன் ஒருவன்