பாட்டிமாரை மறந்த கட்டுரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவநிலைப் போராட்டம் ஓய்ந்துவிட்டது என்ற தொனியில் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தெருவில் கூட்டம் குறைந்தது உண்மைதான். 2018 ஆகஸ்டில் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே, பருவநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம் என்று வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தோடு, பள்ளி மாணவி கிரேட்டா துன்பர்க் தனியாக உட்கார்ந்தார். மறு ஆண்டே உலகமெங்கும் லட்சக்கணக்கானோர். பிறகு கொரோனா எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டது.

இது புதிதல்ல. 1970 ஏப்ரல் 22, முதல் புவி நாளன்று, அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் திரண்டார்கள். அந்தக் கூட்டமும் கலைந்தது. ஆனால் அதே டிசம்பரில் அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்துவிட்டது.

கட்டுரையாளர் கண்ணில் படாதவர்கள் சுவிட்சர்லாந்துப் பாட்டிமார். வெப்ப அலையில் அதிகம் பாதிக்கப்படுவது வயதான பெண்கள்தான் என்று 2016-லேயே, கிரேட்டா பலகை எழுதுவதற்கு முன்பே, சொந்த அரசிடம் மனு போட்டவர்கள். உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிரித்தன. இவர்கள் விடவில்லை. 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பருவநிலை மாற்றத்துக்கு எதிராகப் போதிய நடவடிக்கை எடுக்காமல் சுவிஸ் அரசு கடமை தவறியது என்று தீர்ப்பளித்தது. எட்டு வருடம்! (நம் ஊர் பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது வேகம்தான்.)

இவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் எல்லாம் ஓய்ந்தது என்றால் எப்படி?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி