அரிமா நோக்கு, அதுவும் ஒரு கண்ணால்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதில் மகிழ்ச்சி. பேத்திக்கு என் ஆசியைச் சொல். மற்றபடி, "சிங்கம் போலப் பள்ளிக்கூடத்தை ஆண்டவன் இன்று சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன்" என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருக்கிறாய். அதற்குத்தான் இந்தப் பதில். மாசிக் கடைசியில் குஜராத்தில் சோமநாதர் கோயிலுக்குப் போன நாங்கள், அங்கிருந்து கிர் காட்டுக்கும் போய் அசல் சிங்கங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். காலை எட்டு மணிக்கே பள்ளி வாசலில் பிரம்போடு நின்றாயே, அப்போது நீ சிங்கமே இல்லை. இப்போதுதான் அந்த நிலையை எட்டியிருக்கிறாய்.

சாசன் கிரில் விடியற்காலையில் திறந்த ஜீப்பில் ஏற்றினார்கள். காடு முழுக்கத் தேக்கு. உதிர்ந்த இலைகள் சக்கரத்தடியில் அப்பளமாக நொறுங்கின. முதல் ஒரு மணி நேரம் புள்ளிமான், மயில், மறுபடியும் புள்ளிமான். "இதற்கு வண்டலூரே போதாதா?" என்றாள் என் மனைவி. அந்த நேரம் பார்த்து வழிகாட்டி கையை உயர்த்தினார். வேட்டி விலகியது தெரியாமல் திண்ணையில் தூங்கும் பெரியப்பாவைப் போல, புதர் நிழலில் மல்லாந்து கிடந்தது ஓர் ஆண் சிங்கம். நான்கு கால்களும் ஆகாயத்தைப் பார்த்திருந்தன. அடிவயிற்றில் தளர்ந்த தோல் மடிப்பு. ஆசியச் சிங்கத்துக்கு அது குல அடையாளமாம். எனக்கும் இருக்கிறது, ஆனால் யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வருவதில்லை.

தமிழய்யா நன்னூல் நடத்தியது நினைவிருக்கிறதா? சூத்திரம் நிற்கும் நிலைகள் ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று சொல்லி, சிங்கம் முன்னும் பின்னும் பார்த்து நடக்கும் விதத்தைக் கரும்பலகை முன் தானே நடந்து காட்டினார். அப்படிப் பின்னால் திரும்பியபோதுதான் நீ முறுக்கு தின்றதைப் பார்த்தார். நான் பார்த்த அரிமா முக்கால் மணி நேரத்தில் ஒரே ஒரு முறை நோக்கியது. அதுவும் ஒரு கண்ணால். ஜீப்பில் இருந்த ஆறு பேரில் எவரும் அதற்குப் பொருட்டாகப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை சிங்கம் இப்படித்தான் கிடக்குமாம். நடுவில் அது பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. பத்தடி தள்ளிப் படுத்திருந்த இன்னொரு ஆணும் விட்டது. அடுத்து எங்கள் ஓட்டுநர், பிறகு நான். இதைத் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். சிங்கங்களிடையே கொட்டாவி தொற்றும், தொற்றியவை அதன் பிறகு ஒன்று எழுந்தால் மற்றதும் எழுவது போல ஒத்து இயங்கும் என்று 2021-இல் வெளியிட்டார்கள். உன் ஆசிரியர் கூட்டங்களில் முதல் பாதிதான் நடந்தது என்று கேள்வி.

வேட்டை? அது பெரும்பாலும் பெண் சிங்கங்களின் வேலை. அதிலும் தோல்விகளே அதிகம். இரை விழுந்தால், வேர்க்காமல் வந்து முதல் பந்தியில் உட்காருவது ஆண். கழுதைப்புலி திருடன் என்றுதானே நாம் படித்தோம்? 1960-களில் ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கு ஆய்வாளர் தான்சானியாவின் கொரொங்கோரோவில் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தார். கழுதைப்புலிகள் பாடுபட்டு வேட்டையாட, சத்தம் கேட்டு வந்த சிங்கங்கள் அதைப் பிடுங்கித் தின்றன. விடிந்த பின் வருகிறவர்கள் கண்ணில் படுவது சாப்பிடும் ராஜாவும் சுற்றி நிற்கும் கழுதைப்புலிகளும்தான். பழி யார்மேல் விழுந்திருக்கும், சொல். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். சிங்கத்துக்கு அந்த வீம்பும் கிடையாது. அவ்வப்போது புல்லையும் மென்றுவிடும்.

நீ தலைக்குச் சாயம் பூசுவதை அண்ணி குறை சொல்வதாக எழுதியிருந்தாய். அதற்கும் சான்று கிடைத்தது. அதே தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் பெய்டன் வெஸ்ட், கிரெய்க் பேக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விதவிதமான பிடரி வைத்த சிங்கப் பொம்மைகளை வெட்டவெளியில் நிறுத்தினார்கள். பெண் சிங்கங்கள் கறுத்த பிடரியை நாடின. ஆண்களோ நீண்ட பிடரிப் பொம்மையை விட்டு விலகி நடந்தன. இது 2002-இல் வந்த செய்தி. கறுத்த பிடரிக்கு வெப்பம் அதிகம் என்பதையும் கண்டிருக்கிறார்கள், ஆகவே சித்திரை வெயிலில் ஜாக்கிரதை. கிர் சிங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. காது தெரியக் கிராப்பு வெட்டியது போலத்தான் அதன் பிடரி.

கிர் காட்டை ஆண்ட ஜுனாகட் நவாப் காலத்தில் சில டஜன்களாகச் சுருங்கிப்போன இனம் இது. 2025 கணக்கெடுப்பில் 891 ஆகியிருக்கிறது. பாதிக்கு மேல் சரணாலய எல்லைக்கு வெளியே வயலிலும் தோப்பிலும் வாழ்கின்றன. மாந்தோப்பு நிழலில் சிங்கம் தூங்கினால் உழவர்கள் விரட்டுவதில்லையாம். காட்டுப்பன்றியும் நீலமானும் அந்தப் பக்கம் வராதே! தூங்கியே காவல் காக்கும் காவலாளியை இங்கேதான் கேள்விப்பட்டேன்.

இனி, உனக்காகவே எடுத்துவைத்த செய்தி. ஆப்பிரிக்காவில் போலன்றி, கிரில் ஆண்கள் குடும்பத்தோடு வாழ்வதில்லை. பெரிய இரை விழுந்தாலோ துணை தேடினாலோதான் பெண்கள் பக்கம் தலைகாட்டும். மற்ற நேரமெல்லாம் இரண்டு ஆண்களாகச் சேர்ந்து திரியும். உடன்பிறந்தவை என்ற கட்டாயமில்லை, அந்நியர்களும் சேர்ந்துகொள்வதுண்டு. உரசிக்கொள்ளும், ஒன்றின்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கும். ஆனால் டேராடூன் வன உயிரின நிறுவனத்தார் பல ஆண்டுகள் கவனித்ததில், கூட்டாளிகளில் ஒன்று எப்போதும் அதிகம் தின்கிறது. துணையும் பெரும்பாலும் அதற்கே. இளைத்தது ஏன் விலகிப் போவதில்லை? தனியாக இருந்தால் அதுவும் கிடைக்காது.

இதைக் கேட்டதும் என் எலுமிச்சைச் சாதம் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை அதில் பாதிக்கு மேல் உன் வயிற்றுக்குத்தான் போனது. நானும் விலகவில்லை, உன்னை விட்டால் கணக்குப் பாடம் யார் சொல்லித்தருவது?

ஜூன் 16 முதல் மழைக்காலத்துக்காக நான்கு மாதம் காட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் முழங்காலைச் சரிசெய்துகொள், இன்னொரு முறை போகலாம். அனுமதிச் சீட்டு, ரயில் டிக்கெட் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். எலுமிச்சைச் சாதமும் கொண்டுவருகிறேன். டப்பாவை முதலில் திறப்பது நான்.

என்றும் உன்,
இளைத்த கூட்டாளி