வட்டி குட்டி போடும் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கி மீளமுடியாமல் தவிப்போரைப் பற்றிச் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. அத்தகைய கடன் வளரும் விதத்தைக் காட்டும் கணக்கு, அதாவது ஒரே எண்ணால் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போவது, அடுக்குக்குறிச் சார்பு என்ற பெயரில் மேல்நிலை வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால், அதை மதிப்பிடும்போது மாணவர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குவதை, ஓய்வுபெற்ற பின்னும் மாலை நேரங்களில் சிலருக்குக் கணிதம் சொல்லித்தருபவன் என்ற முறையில் பார்த்துவருகிறேன்.

அண்மையில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், 10,000 ரூபாய்க் கடனுக்கு வட்டி கட்டாமல், அதை மாதந்தோறும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஓராண்டு முடிவில் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கடன் மாதந்தோறும் 1.1 மடங்காவதால் 10,000 × 1.1¹² என்று சரியாகவே எழுதினான். அடுத்த வரியில் முதலிரண்டு எண்களையும் பெருக்கி 11,000 ஆக்கி, அதன் தலையில் 12-ஐ ஏற்றிவிட்டான். கைபேசிக் கால்குலேட்டர் 3.138 × 10⁴⁸ என்ற அளவில் ஒரு விடையைக் காட்ட, சற்றும் தயங்காமல் அதன் பக்கத்தில் 'ரூபாய்' என்றும் எழுதினான். அடுக்கு 1.1 என்ற அடிமானத்துக்கு மட்டுமே உரியது, அசலுக்கு அன்று. எனவே விடை 31,384 ரூபாய். தொடக்க இலக்கங்கள் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "சைபர்தானே சார் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான்!

பூச்சிய அடுக்கின் மதிப்பு ஏன் 1 என்பதையும் இதே கடனைக் கொண்டு விளக்கலாம். வாங்கிய அன்று மாதக் கணக்கு 0. கடன் அதே 10,000. ஆகவே 1.1⁰ என்பது 1 ஆகத்தான் இருக்கமுடியும். அரை மாதத்துக்கு 10,500 என்று பலரும் சொல்வார்கள். ஆனால், இரண்டு அரை மாதங்கள் சேர்ந்து 1.1 மடங்கு ஆகவேண்டும்; அப்படித் தன்னோடு தானே பெருக்கினால் 1.1 தரக்கூடிய எண் ஏறத்தாழ 1.0488 என்பதால், சார்பு தரும் விடை 10,488. வட்டிக்காரர் எதைக் கேட்பார் என்பது வேறு கதை.

வட்டியை அசலோடு சேர்க்காவிட்டால் 24 மாத முடிவில் 34,000 ரூபாய். சேர்த்தால் 98,497 ரூபாய். இவ்விரு வரிசைகளையும் மாதவாரியாக மாணவர்களே அட்டவணையிட்டு, வரைபடத்தாளில் குறித்துப் பார்த்த பிறகே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமாறு கணித ஆசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவாரூர்.