தோல் சோபாவுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீட்டுக் குறிப்புகள் பகுதியில், தோல் சோபா பளபளக்க வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம் என்று போட்டிருந்தீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், 27 வருஷம், அதில் பாதிக்கு மேல் பினிஷிங் செக்‌ஷனில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதைப் படித்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

தோலுக்கு எண்ணெய் வேண்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பதனிடும்போதே கொடுத்துவிடுகிறோம். தண்ணீரோடு கலக்கிற மாதிரி பக்குவம் செய்த எண்ணெயை டிரம்மில் ஊற்றி, தோலையும் போட்டுச் சுழற்றச் சுழற்ற அது நார் நாராக உள்ளே இறங்கும். அதற்கப்புறம்தான் மேலே நிறம் அடித்து, அதற்கும் மேலே ஒரு பூச்சு கொடுத்து மூடுகிறோம். நம் கடைகளில் கிடைக்கிற தோல் சோபாக்களில் பெரும்பாலானவை இப்படி மூடியவைதான். அதன்மேல் எண்ணெய் தடவினால் உள்ளே போக வழியில்லை. மேலேயே பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும், நாள்பட நாள்படப் பூச்சையே இளக்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஐந்தாறு வருஷம் உழைத்த ஒரு சோபாவில் தலை சாய்க்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். முதலில் கறுத்துப் பிசுக்கேறி நிறம் உரிகிற இடம் அதுதான், எல்லாம் நாம் தலைக்கு வைக்கிற எண்ணெயும் வியர்வையும் செய்கிற வேலை. அங்கே ஒரு பருத்தித் துண்டை விரித்து வையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

சரி, இவ்வளவு பேசுகிறவன் ஏமாறாமல் இருந்தானா என்றால், அதுவும் இல்லை. மூன்று வருஷம் முன்னால் வேளச்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்கு சோபா வாங்க நானும் கூடப் போனேன். "ஒரிஜினல் லெதர் சார்" என்றார் கடைக்காரர். நான் விடவில்லை. உட்காரும் மெத்தையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன், கட்டைவிரலால் அழுத்தினேன், மோந்துகூடப் பார்த்தேன், பக்கத்தில் நின்ற மருமகன் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோல்தான். எருமைத் தோல், மேற்புறத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு நிறம் அடித்து, சூடான பிளேட்டால் அழுத்தி மழமழப்பாக்கியது. பெரிய மனுஷனாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். போன ஐப்பசி மழையில், சோபாவை இழுத்துப்போட்டுப் பெருக்கிய மகள் போன் செய்து, "அப்பா, பின்னாடி செதில் செதிலா கொட்டுதுப்பா" என்றாள். போய்ப் பார்த்தால் முதுகுப்புறமும் இரண்டு பக்கவாட்டும் ரெக்சின்!

உடம்பு படுகிற இடத்துக்குத் தோல், மற்ற இடத்துக்கு அதே நிறத்தில் ரெக்சின் என்று அடிப்பது இந்த வியாபாரத்தில் சகஜம். சொல்லிவிட்டுச் செய்தால் தப்பும் இல்லை, விலை குறையும். ஆனால் பில்லில் 'லெதர் சோபா 3+1+1' என்று ஒரே வரி, அவ்வளவுதான். பொருளின் தரம், அளவு, தூய்மை, விலையைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. மெத்தை எது, முதுகு எது, பக்கவாட்டு எது என்று பில்லில் மூன்று வரி சேர்த்து எழுத என்ன செலவாகிவிடும்? லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள், ஏமாந்துவிட்டால் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள்.

பெயரிலேயே இன்னொரு கூத்து இருக்கிறது. விற்பவர் "பியூ லெதர்" என்கிறார், நம் காதில் "பியூர் லெதர்" என்று விழுகிறது. பி.யு. என்றால் பாலியூரிதேன். துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு, அதாவது நம் பழைய ரெக்சினின் தம்பி. காற்றில் இருக்கிற ஈரமே அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும், சென்னை மாதிரிக் கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். உரிய ஆரம்பித்த பிறகு எந்தப் பாலிஷும் காப்பாற்றாது. அப்புறம் 'பாண்டட் லெதர்' என்று ஒன்று. தோலைச் சீவும்போது விழுகிற தூளையும் துண்டுதுணுக்குகளையும் பசை போட்டுத் துணியில் அழுத்தியது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திவிட்டுத் தேக்கு என்று விற்றால் சும்மா இருப்போமா?

கடையில் எப்படிப் பார்ப்பது என்று பலரும் என்னைக் கேட்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார், உறிஞ்சினால் தோல் என்பார்கள், அதை நம்பாதீர்கள். நிறம் அடித்து மூடிய நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. ஜிப்பைத் திறந்து, மடித்துத் தைத்த ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் உள்பக்கம் துணியே இருக்காது, நார் நாராக, ஆட்டுக்குட்டி காது மாதிரி மெத்தென்று இருக்கும். ரெக்சின் என்றால் நெய்த துணியோ பின்னல் துணியோ தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் தோலில் விரலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம் ஓடும். இதை மெத்தையில் மட்டும் செய்துவிட்டு வந்துவிடாதீர்கள், நான் செய்த மாதிரி. குனிந்து முதுகுப்புறத்தையும் அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, தோல் சதுர அடிக் கணக்கில் விற்கிற சரக்கு. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை முழுக்கத் தோலால் மூட நான்கைந்து மாட்டுத் தோலாவது வேண்டும். சென்னையில் தோல் விற்கிற பெரியமேட்டில் சதுர அடி என்ன விலை என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் சொல்கிற 'ஆஃபர்' விலையைக் கணக்குப் போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். முழுத் தோலுக்குப் பணம் இல்லையென்றால் நல்ல துணி சோபா வாங்கலாம், நம் வெயிலுக்கு அதுவே சுகம். கோடையில் ஃபேன் மட்டும் ஓடுகிற ஹாலில் லுங்கியோடு தோல் சோபாவில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள். அழுக்கு இருந்தால் ஈரத் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டு, காரம் குறைந்த சோப்பின் நுரையை மட்டும் தொட்டுத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தோலுக்கென்று விற்கிற கிரீமை வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை போட்டால் போதும், அதையும் முதலில் கண்ணில் படாத மூலையில் தடவிப் பாருங்கள். சானிட்டைசர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கிட்டே போகக்கூடாது. கொரோனா சமயத்தில் சானிட்டைசர் போட்டுத் துடைத்தே நிறம் போன சோபாக்களை நிறையப் பார்த்தேன். வெயில் நேராக விழுகிற ஜன்னலோரமும் ஏசிக் காற்று நேராக அடிக்கிற இடமும் ஆகாது, தோல் காய்ந்து வெடிக்கும். மழைக்காலத்தில் சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடம் விடுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டால் பதற வேண்டாம், பால்கனியில் நிழலில் வைத்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஃபேனைப் போட்டு ஆறவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், வெளிர் நிற சோபாவில் செய்தித்தாளைப் போட்டுவிட்டுப் போகவும் கூடாது. மை ஒட்டிக்கொள்ளும். மகள் வீட்டு சோபாவில் உங்கள் தலைப்புச் செய்தி ஒன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிப் பதிந்திருக்கிறது.

டேனரிக் கழிவு கலந்து கெட்டு, எங்கள் பக்கத்துத் தோலுக்குப் பாலாறு கொடுத்த விலை தனிக்கதை, அதற்காகப் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவையும் பார்த்தவன் என்பதாலோ என்னவோ, நல்ல தோலை எண்ணெய் தடவிக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஆகவே மாட்டேன் என்கிறது.

வருகிற ஞாயிறு அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். நான் சொன்னால் நம்பாத என் சம்பந்தியம்மா, பேப்பரில் வந்தது என்று உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு எண்ணெய் பாட்டிலோடு இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டேனரித் தொழிலாளி,
ராணிப்பேட்டை