மூன்றாவது ஷெட் கணக்கு

கண்ணு,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக்குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் மெயில். வேலை அதிகமாக இருக்கும், தெரியும், அதைக் கேட்க எழுதவில்லை. சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

தீவனக் கணக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாவது ஷெட்டுக்கு மட்டும் நீ சொன்னபடி டன்னுக்கு 100 கிராம் பைடேஸ் நொதி கலந்து, பாஸ்பரஸுக்காகப் போடும் டிசிபி உப்பை 10 கிலோவிலிருந்து 4 கிலோவாகக் குறைத்து இன்றோடு பத்து வாரம். கோழி கால் விழுந்து படுத்துவிடும், தோல்முட்டையாக வரும் என்று பயந்து தினமும் விடியுமுன் போய்க் கூண்டு கூண்டாகக் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. உடைசல்கூடக் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. பாஸ்பரஸ் அதிகமானாலும் ஓடு கெடும் என்று நீ அன்றைக்கே சொன்னாய். மக்காச்சோளம், சோயாவில் இருக்கும் பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைடேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது, கோழிக்கு அதைத் திறக்க வழியில்லை, பைடேஸ் இல்லாவிட்டால் அப்படியே எருவில் போகிறது என்று குடோன் சுவரில் சாக்பீஸால் பூட்டுப் படம் போட்டாயே, அது இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவனிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

ஹாலந்தில் 2018-லிருந்து எருவில் போகும் பாஸ்பேட்டுக்கு உரிமை கையில் இல்லாமல் கறவை மாட்டைக் கூட்ட முடியாது என்று டீக்கடையில் சொன்னேன். சிரித்தார்கள். என் பெண் அங்கே வாகனிங்கனில்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்றதும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் தீபாவளிக்குக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை எங்கே போய்ச் சொல்ல. அம்மா முறுக்கு டப்பாவை யாரையும் திறக்க விடுவதில்லை.

சாப்பிட்டு வேலைக்குப் போ. காதை மூடிக்கொள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஓடையோரம் குவித்திருந்த எருவில் பாதி கரைந்து குட்டைக்குப் போனது. தையில் தண்ணீர் பச்சை பெயின்ட் ஊற்றிய மாதிரி. மாசியில் விடியற்காலை கெண்டையெல்லாம் வாயை மேலே தூக்கித் தூக்கித் திணறியதை நீயும் பார்த்தாய். யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சொன்னது நான்தான். மருந்து இல்லை, நம் எரு. எனக்கு அன்றைக்கே தெரியும். எருவை மூடுங்கள், டிசிபியைக் குறையுங்கள் என்று நீ சொன்னபோது வேலையாட்கள் முன்னாடி, "எத்தனை கோழி வளர்த்திருக்கிறாய் நீ?" என்று கேட்டேன். ஏழு வயதில் குஞ்சுக்குக் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு விட்டவளிடம். நீ பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாய். பெட்டி கட்டும்போதும் நான் ஷெட்டிலேயே நின்றுகொண்டேன், ஏதோ மோட்டார் ரிப்பேர் என்று. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது.

எருமேட்டை ஓடையிலிருந்து தள்ளி வைத்துத் தகரம் போட்டாயிற்று. மற்ற இரண்டு ஷெட்டுக்கும் தவிடு சேர்க்கப் போகிறேன், அப்போது பைடேஸ் எத்தனை கிராம், டிசிபி எத்தனை கிலோ என்று எனக்குக் கணக்கு வரவில்லை. எழுதத் தோன்றாவிட்டால் எண்ணை மட்டும் அனுப்பு.

அப்பா